முதல் அழியாத வளர்ச்சி

(பெங்களூர்த் தொழிற்சாலைக் குடியிருப்பொன்றின் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் நல்ல விருந்தும் இருக்கும். அவற்றிற்கு நடுவே, 'நாட்டின் வளர்ச்சியும் இயற்கைச் செல்வமும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். நாடகத்தை எதிர்நோக்கி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளின் பொறுமையை நான் மிகவும் சோதிக்கப் போவதில்லை. உலகம் முழுவதையும் சுற்றி வராமல், நாம் குடியிருக்கும் இந்த ஊரின் ஏரிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்கு இடப்பட்ட தலைப்பு முழுவதும் அந்த ஏரிகளுக்குள் அடங்கியிருக்கிறது.

நான் ஓசூருக்குக் கிழக்கே, தென்பெண்ணைக் கரையில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவன். 1974ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயதில், ஒரு தகரப் பெட்டியோடு இவ்வூருக்கு வந்து தொழிற்சாலை ஒன்றில் பணியில் சேர்ந்தேன். தொலைவு ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனாலும் அன்று எனக்கு அது வேறோர் உலகம். அதே 1974இல்தான் காவிரி நீரும் குழாய் வழியே முதன்முதலாகப் பெங்களூருக்கு வந்தது. காவிரியும் நானும் இவ்வூருக்கு ஒரே ஆண்டில் குடிவந்தவர்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

வளர்ச்சியைப் பழிப்பதற்காக நான் இம்மேடையில் நிற்கவில்லை. 1951இல் ஓர் இந்தியனின் சராசரி ஆயுள் 32 ஆண்டுகளே. எழுத்தறிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். இன்று சராசரி ஆயுள் எழுபதை எட்டியிருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிந்தவர் நூற்றுக்கு எழுபத்து நால்வர். இந்த மாற்றம் தானாக வந்ததன்று. தொழிலும் மின்சாரமும் மருத்துவமும் கல்வியும் பெருகியதால் வந்தது. இவ்வூரில் 1940இல் விமானத் தொழிற்சாலையும், 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953இல் எந்திரக் கருவித் தொழிற்சாலையும், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் எழுந்தன. அவை எழாதிருந்தால் இக்கூட்டத்தில் பாதிப்பேர் இங்கே இருந்திருக்க மாட்டோம். உழவர் வீட்டுப் பிள்ளையாகிய எனக்கு மாதச் சம்பளத்தையும், என் மக்களுக்குக் கல்லூரிப் படிப்பையும் தந்தது அந்த வளர்ச்சியே. வயிறு நிறைய உண்டவன் பசித்தவனைப் பார்த்து, 'சோறு உடலுக்கு ஆகாது' என்று சொல்லலாகாது. எனவே வளர்ச்சி வேண்டுமா வேண்டாவா என்பது என் கேள்வியன்று. எதைச் செலவிட்டு வளர்கிறோம் என்பதே என் கேள்வி.

பெங்களூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமைந்த ஊர். இதன் வழியே பேராறு எதுவும் ஓடவில்லை. 1537இல் கெம்பே கௌடர் இந்நகரை அமைத்தபோது, ஆறு இல்லாத குறையை ஏரிகளால் நிரப்பினார். அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்கள் பள்ளத்தாக்குகளின் குறுக்கே கரை கட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளைக் கோத்தார்கள். மேலேரி நிரம்பினால் கலிங்கு வழியே வழிந்து, கால்வாய் வழியே கீழேரியை அடையும். அக்கால்வாயைக் கன்னடத்தார் 'ராஜகாலுவே' என்பர். ஏரியின் கீழ் வயல். ஏரியைச் சுற்றிக் கிணறு. கிணற்றில் ஊறும் நீரும் ஏரி தந்ததே. மழையை அது விழும் இடத்திலேயே பிடித்து நிறுத்தி, ஆண்டு முழுவதும் பயன்கொள்ளும் இந்த அமைப்பு, எந்திரம் இல்லாத காலத்தின் சிறந்த பொறியியல் என்பதை ஒரு பொறியாளனாகவே சொல்கிறேன்.

நீர்நிலைகளைப் பெருக்குவதே அரசனின் புகழுக்கு வழி என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்தியதைப் புறநானூற்றில் படித்திருக்கிறோம். அந்த அறிவு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கன்னடத்தார் அதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

பின்னர் நிகழ்ந்தது என்ன? ஊர் பெருகியது. 1894இல், இருபது கிலோமீட்டருக்கு அப்பால், அர்க்காவதியின் நீரை ஹெசரகட்டாவில் தேக்கிக் குழாயில் கொண்டு வந்தார்கள். அது போதாமையால் 1933இல் அதே ஆற்றில் இன்னும் கீழே திப்பகொண்டனஹள்ளியில் நீர்த்தேக்கம் எழுந்தது. அதுவும் போதாமையால் 1974இல் காவிரி வந்தது. ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அதனால் மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் வரை கூடுதலாகக் கொண்டுவர முடியும். நீர் தேடி நாம் போன தொலைவு ஒவ்வொரு முறையும் கூடிற்று. அருகில் இருந்த நீரை ஒவ்வொரு முறையும் மறந்தோம். அர்க்காவதியின் அவ்விரு நீர்த்தேக்கங்களும் நாளடைவில் நகருக்கு நீர் தரும் ஆற்றலை இழந்தன.

காவிரி நீரின் பங்கீட்டைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அதற்கு நீதிமன்றங்கள் இருக்கின்றன. நான் சொல்ல வருவது அந்நீரின் எடையைப் பற்றி. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு, மூன்று நிலைகளில் எந்திரங்கள் அந்நீரைத் தூக்கிவிடுகின்றன. ஆயிரம் லிட்டர் நீரை அவ்வளவு உயரம் தூக்க, எந்திரத் தேய்மானம் எதுவும் இல்லையென்று வைத்துக்கொண்டாலும், 1.36 யூனிட் மின்சாரம் தேவை. இயற்பியல் படிக்கும் மாணவர்கள் வீட்டிற்குச் சென்று கணக்கிட்டுப் பாருங்கள். விடை சரியாக வரும். நாம் குழாயைத் திறந்துவிட்டு முகம் மழிக்கும்போது, அங்கே வழிந்தோடுவது நீர் மட்டுமன்று. எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் எரிந்த நிலக்கரியும்தான்.

இனி, ஏரிகள் என்னவாயின? தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று கெம்பே கௌடா பேருந்து நிலையம் இருக்கிறது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கிறது. கோரமங்கலா ஏரியின் நிலத்தில் 1997ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டுகளுக்காகக் குடியிருப்பு எழுந்தது. பேருந்து நிலையம் வேண்டாவா, விளையாட்டரங்கம் வேண்டாவா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் ஓர் ஏரியைத் தூர்க்கும்போது நாம் எழுதும் கணக்கைப் பாருங்கள். மண் அடித்த கூலி வருமானம். கட்டிய கட்டடம் வருமானம். தரகர் பெற்ற தரகு வருமானம். எல்லாம் நாட்டு வருமானத்தில் ஏறுகின்றன. ஏரி மறைந்ததோ எந்தப் பக்கத்திலும் பற்று எழுதப்படுவதில்லை. பத்தாண்டு கழித்துக் கிணறு வற்றுகிறது. லாரியில் நீர் வாங்குகிறோம். அந்த லாரிக்காரர் பெறும் பணமும் வருமானமாகவே ஏறுகிறது! இழந்ததை விலை கொடுத்து வாங்குவதும் வளர்ச்சி என்றே எழுதப்படுகிறது.

நம்மில் பலர் ஓய்வுபெற்றவர்கள். ஓய்வுபெற்ற நாளில் வைப்பு நிதியாக ஒரு தொகை கைக்கு வந்தது. அறிவுள்ளவர் அதை வங்கியில் இட்டு, வட்டியை உண்டு, முதலைப் பிள்ளைகளுக்கு வைக்கிறார். ஒருவர் அந்த முதலையே மாதந்தோறும் எடுத்துச் செலவு செய்து, 'என் வருமானம் இருமடங்காயிற்று' என்று பெருமை பேசினால், அவரை நாம் என்ன சொல்வோம்? ஆறு, ஏரி, நிலத்தடி நீர், காடு, காற்று ஆகியவை ஒரு நாட்டின் முதல். ஆண்டுதோறும் பெய்யும் மழையும், ஊறும் நீரும், தழைக்கும் மரமும் அதன் வட்டி. வட்டியில் வாழ்வது வளர்ச்சி. முதலை உண்டு வாழ்வது, வளர்ச்சி போலத் தோன்றும் தேய்வு. நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றே.

மேடையேறிப் பிறரைக் குறை கூறுவது எளிது. என் குறையையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு மனை வாங்கினேன். விலை மலிவு. அப்போது ஒரு பழைய வரைபடத்தைக் காட்டினார்கள். அதில் என் மனை இருந்த பகுதியில் கன்னட எழுத்தில் 'கெரெ அங்கள' என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்குமளவு எனக்குக் கன்னடம் தெரியும். 'ஏரியின் உள்வாய்' என்பது அதன் பொருள் என்பதும் தெரியும். 'ஏரி வற்றிப் பல்லாண்டு ஆயிற்று; எல்லாரும் வாங்குகிறார்கள்' என்றார் விற்றவர். எல்லாரும் வாங்குகிறார்கள் என்ற சொல் எனக்குப் போதுமானதாயிற்று. கையெழுத்திட்டேன், வீடு கட்டினேன், புதுமனை புகுவிழாவிற்கு உங்களில் சிலரும் வந்து வாழ்த்தினீர்கள்.

2022 செப்டம்பரில் பெய்த மழையில் நகரின் கிழக்குப் பகுதியில் படகிலும் டிராக்டரிலும் மக்களை ஏற்றிச் சென்றதை நாடே பார்த்தது. அந்த இரவில் என் வீட்டுக் கூடத்திலும் முழங்கால் அளவு நீர் நின்றது. நாற்காலியின்மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தேன். நீர் வழி தவறி என் வீட்டிற்குள் வரவில்லை. வழி தவறி வந்தவன் நான். நான்கு தலைமுறை ஏரிப் பாசனத்தில் வாழ்ந்த குடும்பத்தில் பிறந்து, ஏரியின் உள்வாயில் வீடு கட்டியவன் நான். அரசையும் மனை வணிகரையும் குறைசொல்லும் தகுதி எனக்கு அன்றோடு போயிற்று. ஆனால் உங்களுக்கு எச்சரிக்கை கூறும் கடமை வந்தது.

இதனினும் கடினமான ஒன்றைக் கேளுங்கள். நம் நகரின் மேட்டிற்குக் கிழக்கே விழும் கழிவுநீர் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணையை அடைகிறது. மேற்கே விழுவது விருஷபாவதி வழியே அர்க்காவதியையும், அதன் வழியே காவிரியையும் அடைகிறது. பெள்ளந்தூர் ஏரியில் நுரை மலைபோல் எழுந்து சாலையில் பறந்ததையும், 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் அதில் தீப்பற்றியதையும் நாம் அறிவோம். 2018இல் அத்தீயை அணைக்க இராணுவ வீரர்களும் இறங்க வேண்டியதாயிற்று. சோப்புத் தூளின் பாஸ்பேட்டும், சாக்கடையும், ஆகாயத்தாமரையும், அவை அழுகி எழும் வாயுவும் சேர்ந்து நீரையே எரியும் பொருளாக்கின.

அந்த நீர் பெள்ளந்தூரோடு நின்றுவிடுவதில்லை. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையிலும் வெண்ணுரை பொங்குகிறது. அதற்குக் கீழே என் அண்ணனின் வயல் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குச் சென்றிருந்தபோது அவர் என்னை வரப்பிற்கு அழைத்துச் சென்றார். வாய்க்காலில் நுரை மிதந்து வந்தது. "தம்பி, உங்கள் ஊரில் துவைக்கிற அழுக்கு முழுவதும் என் வயலுக்குத்தான் வருகிறதா? நீ பொறியாளன் ஆயிற்றே, இதற்கு ஒரு வழி சொல்லேன்" என்றார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபித்திருந்தால் நான் மறுமொழி சொல்லியிருப்பேன். நான் படிக்க வேண்டும் என்பதற்காகத் தம் படிப்பை நிறுத்திவிட்டு ஏர் பிடித்தவர் அவர். அந்தப் படிப்பைக் கொண்டு நான் இங்கே வந்து வாழ்ந்தேன். நான் கழித்த நீரை அவருக்கு அனுப்பினேன். அன்று அந்த வரப்பில் விடையின்றி நின்றேன். இன்று நான் சொல்லப்போவது அவருக்குச் சொல்ல வேண்டிய விடைதான்.

நம்முடைய தேவையை நிறைவேற்றிக்கொள்ளும்போது, வருங்காலத் தலைமுறையினர் தம் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றலைக் கெடுக்காதிருப்பதே நிலைத்த வளர்ச்சி என்று, ஐக்கிய நாடுகள் சபை அமைத்த ஆணையம் 1987இல் வரையறுத்தது. இக்கருத்து நம் நாட்டில் சட்டமாக வேரூன்றியது ஒரு தமிழ்நாட்டு வழக்கினால் என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டபோது வேலூர்ப் பகுதி மக்கள் உச்ச நீதிமன்றத்தை நாடினார்கள். 1996இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் நாட்டிற்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருவதையும், பலருக்குப் பிழைப்புத் தருவதையும் அது ஒப்புக்கொண்டது. ஆயினும், கெடுத்தவனே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பதும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்பதும் இந்நாட்டின் சட்டமே என்று உறுதி செய்தது. தொழிலை ஒழி என்று அது சொல்லவில்லை. தொழிலின் முழுச் செலவையும் உன் கணக்கிலேயே எழுது என்று சொல்லிற்று.

அது இயலுமா என்று ஐயுறுவோர்க்கு இவ்வூரிலேயே சான்று உண்டு. வடக்கே ஜக்கூர் ஏரிக்குச் சென்று பாருங்கள். சாக்கடை நீர் முதலில் சுத்திகரிப்பு நிலையத்தில் தெளிகிறது. பின்பு கோரைகளும் நாணல்களும் வளர்ந்த சதுப்பின் வழியே மெல்ல ஊர்ந்து, எஞ்சிய உரச்சத்தைச் செடிகளுக்குக் கொடுத்துவிட்டு ஏரியை அடைகிறது. அந்நீரில் மீனும் உண்டு, பறவையும் உண்டு. தெற்கே புட்டேனஹள்ளி ஏரியையும், சர்ஜாபூர்ச் சாலையில் கைகொண்டனஹள்ளி ஏரியையும் மீட்டதில் பெரும்பங்கு அவ்வட்டாரத்து வீட்டார்க்கு உரியது. நம்மைப் போன்ற குடும்பத்தினர்தாம் அவர்கள். 2018இல் தொடங்கிய திட்டமொன்று, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்னும் இலக்கோடு, பெங்களூரில் சுத்திகரித்த நீரை வறண்ட கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்புகிறது. தொடக்கத்தில் அங்கும் நுரை எழுந்தது, வழக்கும் நடந்தது. சுத்திகரிப்பு இன்னும் ஒருபடி உயர வேண்டும் என்று அறிஞர் சொல்வது நியாயமே. ஆயினும் அத்திட்டம் ஓர் உண்மையைக் காட்டிவிட்டது. நகரத்தின் கழிவுநீர் அழுக்கு மட்டுமன்று. ஒருமுறை மட்டுமே பயன்பட்ட செல்வம் அது.

அன்பர்களே, நம் கடமைக்கு வருகிறேன். இந்நகரில் ஓராண்டில் ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,200 சதுர அடிக் கூரையின்மேல் அது விழுந்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டால், நால்வர் உள்ள குடும்பத்தின் ஆண்டுத் தேவையில் பாதியளவு நம் தலைக்கு மேலேயே பெய்துவிட்டுப் போகிறது. அதைத் தூக்க மின்சாரம் வேண்டியதில்லை; அதற்காக எவரோடும் வழக்காட வேண்டியதில்லை. மழைநீர் சேகரிப்பு 2009 முதல் இந்நகரில் சட்டம். ஆனால் 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி நாம் லாரிக்குக் காத்து நின்றபோது, நம்முள் எத்தனை பேர் வீட்டில் அத்தொட்டி இருந்தது? கை தூக்கச் சொல்லி உங்களை வருத்த மாட்டேன். என் வீட்டில் அன்று இல்லை, இப்போது இருக்கிறது.

சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, நம் உறுப்பினர் வீடு ஒவ்வொன்றிலும் அடுத்த மழைக்காலத்திற்குள் மழைநீர்த் தொட்டியோ உறிஞ்சுகுழியோ அமைய வேண்டும். பொருள் குறைந்தவர்க்குச் சங்க நிதியிலிருந்து கடன் தர வேண்டும். இரண்டாவது, பாஸ்பேட் இல்லாத சோப்புத் தூளை மொத்தமாக வாங்கிச் சங்கக் கூட்டுறவின் வழியே வழங்க வேண்டும். இது தாய்மார்கள் மனம் வைத்தால் ஒரு மாதத்தில் முடியும். துணி துவைக்கும் ஆடவர் பெருகினால் இன்னும் விரைவில் முடியும்! மூன்றாவது, நம் குடியிருப்பிற்கு அருகில் உள்ள ஏரியின் கால்வாயைக் கன்னட அன்பர்களோடு சேர்ந்து மாதம் ஒருமுறை நாம் காவல் செய்ய வேண்டும். குப்பை கொட்டினாலும், கரையை வெட்டினாலும், உடனே முறையிட வேண்டும். இந்த மண் நமக்குச் சோறிட்ட மண். இதன் ஏரி நம் ஏரி.

இம்மூன்றின் கணக்கும் அடுத்த ஆண்டு விழா மலரில் ஒரு பக்கமாக வர வேண்டும். வரவு செலவு அறிக்கைக்கு அடுத்த பக்கத்தில், இத்தனை வீட்டில் தொட்டி, இத்தனை லட்சம் லிட்டர் மழைநீர் என்று அச்சிடுங்கள். அந்தப் பக்கம் வெற்றாக இருந்தால் வெற்றாகவே அச்சிடுங்கள்; வெட்கமும் நமக்கு ஓர் ஆசிரியர்தான்.

நாம் ஊரை விட்டு வந்தது நம் மக்கள் நம்மினும் நன்றாக வாழ வேண்டும் என்பதற்காக. அவர்களுக்கு வீடும் பட்டமும் வங்கிக் கணக்கும் வைத்துவிட்டுக் குடிக்க நீரில்லாத ஊரையும் வைத்துச் சென்றால், நாம் சேர்த்தது என்ன? அடுத்த பொங்கலுக்கு ஊர் செல்லும்போது என் அண்ணனிடம், 'எங்கள் குடியிருப்பிலிருந்து வரும் நுரை குறைந்திருக்கிறது, அண்ணா' என்று ஒரே ஒரு சொல் சொல்ல விரும்புகிறேன். அச்சொல்லைச் சொல்லும் தகுதியை எனக்குத் தருபவர்கள் நீங்களே.

 நாடகம் தொடங்கட்டும்.